டெவ்ஆப்ஸ் டூல் தேர்வு: ராத்திரி ரெண்டு மணிக்கு யார் எழுந்திருப்பாங்க?

(எபிசோடில் பேசியதன் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இன்னைக்கு டெவ்ஆப்ஸ் டூல்ஸ் பத்தி பேசப்போறோம். எந்த டூல் பெஸ்ட்னு ரேங்க் போடற எபிசோடு இல்லை இது. அந்த மாதிரி லிஸ்ட் ஆறு மாசத்துல பழசாயிடும். ஒரு டீம் எதை வெச்சு டூலையும் சர்வரையும் தேர்ந்தெடுக்கணும்ங்கிறதுதான் இன்னைக்குக் கேள்வி.

ஒரு டீமைக் கற்பனை பண்ணிக்கோங்க. சிறுசேரியில சின்ன ஆபீஸ். ஆறு டெவலப்பர்கள், ஒரு ப்ராடக்ட், இருபது கஸ்டமர். முதல் வாரத்துலயே போர்டுல எழுதிடறாங்க: குபெர்னெட்டிஸ், டெராஃபார்ம், ஆர்கோ சிடி, ப்ராமிதியஸ், கிராஃபானா, வால்ட், காஃப்கா. எல்லாமே நல்ல டூல்தான். ஆனா இதுல ஒண்ணு ராத்திரி ரெண்டு மணிக்கு விழுந்தா யார் எழுந்து சரி பண்ணுவாங்கன்னு அந்த மீட்டிங்ல யாரும் கேட்கலை.

ஒரு டூலை எடுக்கிறப்போ அதோட வசதியை மட்டும் நாம வாங்கறதில்லை. அந்த டூலை எழுதின கம்பெனி, அது ஓடற சர்வர், அதைப் புரிஞ்சு வெச்சிருக்கிற ஆள், எல்லாரையும் சார்ந்து இருக்க ஒத்துக்கறோம். அந்தச் சார்பைத் தாங்க முடியுமாங்கிறதை முதல்ல பார்க்கணும்; வசதியெல்லாம் அப்புறம்.

ஒரே ஏரியா, ரெண்டு முடிவு

நம்ம பக்கத்துலயே இதுக்கு நல்ல உதாரணம் இருக்கு. ஜி.எஸ்.டி. ரோட்டுல, கூடுவாஞ்சேரிக்குப் பக்கத்துல எஸ்டான்சியா ஐ.டி. பார்க். ஜோஹோவோட பெரிய கேம்பஸ் அங்கேதான். ஜோஹோ தன்னோட சாஃப்ட்வேரைத் தன்னோட சொந்த சர்வர்கள்லதான் ஓட்டுது. அமேசான், கூகுள் மாதிரி பப்ளிக் கிளவுடை நம்பி அந்தக் கம்பெனி வளரலை.

அடுத்தது ஃப்ரெஷ்வொர்க்ஸ். 2010-ல கிரீஷ் மாத்ருபூதம் ஆரம்பிச்சது. அவர் அதுக்கு முன்னாடி ஜோஹோல வேலை பார்த்தவர். 2021-ல அமெரிக்காவோட நாஸ்டாக் சந்தைல பட்டியலான கம்பெனி. அவங்க எடுத்தது நேர் எதிர் முடிவு: ஏ.டபிள்யூ.எஸ்., அதாவது அமேசான் கிளவுட்.

ரெண்டும் சென்னையைச் சுத்தி வளர்ந்தது. ரெண்டும் பிசினஸ் சாஃப்ட்வேரை மாசச் சந்தாவுக்கு விக்கிறது. ரெண்டுமே ஜெயிச்சிருக்கு. இதுல யார் பண்ணது சரி?

ஆரம்பிச்ச வருஷத்தைப் பாருங்க. ஜோஹோ 1996-ல அட்வென்ட்நெட்ங்கிற பேர்ல தொடங்கினது. அமேசான் சர்வரை வாடகைக்கு விட ஆரம்பிச்சதே 2006-லதான். ஜோஹோவுக்கு அந்தப் பத்து வருஷத்துல சொந்தமா ஓட்டற பழக்கமும் அதுக்கான ஆட்களும் சேர்ந்துட்டாங்க. மேனேஜ்எஞ்சின்ங்கிற பிரிவுல மத்தவங்க சர்வரைக் கண்காணிக்கிற டூலையே செஞ்சு விக்கறாங்க. டஜன் கணக்கான ப்ராடக்ட் ஒரே உள்கட்டமைப்புல ஓடறப்போ, அதுக்குன்னு ஒரு பெரிய டீம் வெச்சுக்கிறது கட்டுப்படியாகும்.

2010-ல ஒரே ப்ராடக்ட்டோட சின்னதா ஆரம்பிக்கிறவங்களுக்கு அந்தக் கணக்கு ஒத்து வராது. சர்வர் வாங்கி, ரேக் போட்டு, ஆள் எடுத்து முடிக்கிறதுக்குள்ள கையில இருக்கிற பணம் தீர்ந்துடும். அதனால வாடகை.

அதாவது ரெண்டு பேரும் அவங்கவங்க ஆள் பலத்துக்கும் காலத்துக்கும் ஏத்ததை எடுத்தாங்க. பெரிய கம்பெனி யூஸ் பண்ணுதுன்னு அவங்க டூலைக் காப்பி அடிக்கிறப்போ, நாம டூலை மட்டும் எடுத்துட்டு வரோம். அதுக்குப் பின்னாடி நிக்கிற அம்பது பேர் நம்மகிட்ட இல்லை.

2018 செப்டம்பர் 24

இப்போ அதே ஜோஹோ கதையோட இன்னொரு பக்கம். சர்வர் சொந்தம், நெட்வொர்க் டீம் சொந்தம், டூல்கூட சொந்தம். அப்போ யாரையும் சார்ந்து இல்லைன்னு தோணும் இல்லையா?

2018 செப்டம்பர் 24, திங்கட்கிழமை. ஜோஹோ டாட் காம் திடீர்னு பல பேருக்குத் திறக்கலை. சர்வர் எல்லாம் நல்லா ஓடிக்கிட்டு இருக்கு. டேட்டா பத்திரமா இருக்கு. ஆனா டொமைனைப் பதிவு பண்ணி வெச்சிருந்த டியராநெட்ங்கிற அமெரிக்க ரெஜிஸ்ட்ரார், ஃபிஷிங் புகார் வந்ததுன்னு சொல்லி அந்த டொமைனையே முடக்கிட்டாங்க. யாரோ சிலர் ஜோஹோ மெயிலைத் தப்பா யூஸ் பண்ணதுக்காக வந்த புகார்கள். ரெண்டு மாசத்துல வந்தது மூணே புகார்தான்னு ஜோஹோ தரப்பு சொன்னது. மூணு புகாருக்கு, உலகம் பூரா ஆபீஸ் மெயிலும் கணக்கு வழக்கும் வெச்சிருந்தவங்க வாசலுக்கு வெளியே நின்னாங்க.

ஸ்ரீதர் வேம்பு ட்விட்டர்ல வந்து உதவி கேட்டார். டொமைன் திரும்பி வந்தப்புறமும் உடனே எல்லாருக்கும் சரியாகலை. டி.என்.எஸ். தகவலை உலகம் முழுக்க இருக்கிற சர்வர்கள் கொஞ்ச நேரம் ஞாபகம் வெச்சுக்கும். 'இந்த டொமைன் இல்லை'ங்கிற தகவலும் அதே மாதிரி தங்கிடும். அது காலாவதியாகிற வரைக்கும் காத்திருக்கணும். அப்புறம் டொமைனை கிளவுட்ஃப்ளேருக்கு மாத்தினாங்க. இனிமே நாங்களே ரெஜிஸ்ட்ரார் ஆகப்போறோம்னும் அறிவிச்சாங்க.

ஒரு டாட் காம் டொமைன் வருஷத்துக்கு ஆயிரம் ரூபாய் அளவுல வரும். கோடிக்கணக்குல செலவு பண்ணிக் கட்டின அமைப்பு அந்த ஆயிரம் ரூபாய்ப் பொருள்ல மாட்டிக்கிட்டு நின்னது. ஆர்க்கிடெக்சர் படம் வரையறப்போ டேட்டாபேஸுக்குப் பெட்டி போடுவோம், கேஷுக்குப் போடுவோம். டொமைன் ரெஜிஸ்ட்ராருக்கு யார் போடறோம்?

அதனால உடனே செய்ய வேண்டியது ரெண்டு. ஒண்ணு, டொமைன் அக்கவுன்ட் யார் பேர்ல, எந்த மெயில்ல இருக்குன்னு பாருங்க. வேலையை விட்டுப் போன ஒருத்தரோட மெயில்ல அது இருக்கறது ரொம்ப சகஜம். அந்த மெயில் ஐடியும் அதே டொமைன்லயே இருந்தா, டொமைன் விழுந்த அன்னைக்கு ரெஜிஸ்ட்ரார் அனுப்பற மெயில்கூட உங்களுக்கு வராது. ரெண்டாவது, கஸ்டமருக்கு 'சர்வீஸ் டவுன்'னு சொல்ற ஸ்டேட்டஸ் பக்கத்தை வேற டொமைன்ல, வேற கம்பெனிகிட்ட வைங்க.

ஆளை எண்ணிப் பாருங்க

சிறுசேரி டீமுக்குத் திரும்பி வருவோம். குபெர்னெட்டிஸ் எடுக்கலாமா?

குபெர்னெட்டிஸை 2014-ல கூகுள் வெளியிட்டது. பல நூறு சர்வீஸை ஆயிரக்கணக்கான மெஷின்ல ஓட்டறவங்களுக்கு அது வரம். ஆனா அதுக்கு ஒரு தாளம் இருக்கு. வருஷத்துக்கு மூணு வெர்ஷன் வரும். ஒரு வெர்ஷனுக்கு சுமார் 14 மாசம்தான் சப்போர்ட். அதனால வருஷத்துக்கு ஒரு தடவையாவது அப்கிரேடு பண்ணியே ஆகணும். ஒவ்வொரு தடவையும் பழைய ஏதாவது ஒண்ணு போயிருக்கும், கூட இருக்கிற துணை டூல்களும் ஒத்துப்போகணும்.

இப்போ கணக்கு. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். ஆறு பேர்ல குபெர்னெட்டிஸை நிஜமா புரிஞ்சவங்க ரெண்டு பேர்னு வெச்சுக்கோங்க. ஆளுக்கு வாரம் 84 மணி நேரம் ஃபோனைப் பக்கத்துல வெச்சுக்கிட்டு இருக்கணும். ஒருத்தர் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனா, இன்னொருத்தர் தலையில மொத்தம் 168-ம். அவர் வேலையை விட்டா? ஓ.எம்.ஆர்ல அது நடக்காத விஷயமா?

சின்ன டீம்ல டெவ்ஆப்ஸ் பாரம் எப்பவும் ஒரு ஆள் மேலதான் விழும். பெரும்பாலும் அந்த ஆளுக்கு இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஆர்வமா 'நான் பார்த்துக்கறேன்'னு சொன்னவர். ஒரு வருஷம் கழிச்சு அவருக்குத் தீபாவளி இல்லை, சண்டே இல்லை. டூல் தேர்வுங்கிறது அவரோட தூக்கத்தைப் பத்தின முடிவும்தான். இதை மேனேஜர்கள் கொஞ்சம் யோசிக்கணும்.

ஒரு விஷயத்தை மனசு விட்டுப் பேசிடலாம். பல பேர் குபெர்னெட்டிஸ் கேட்கிறது ரெஸ்யூமேக்காக. அதுல தப்பில்லை, இன்டர்வியூல அதைத்தான் கேட்கறாங்க. ஆனா கத்துக்கிற இடம் கஸ்டமரோட ப்ரொடக்ஷன் கிடையாது. வீட்டுல இருக்கிற பழைய லேப்டாப்ல கே3எஸ், இல்லேன்னா மினிகியூப் போடுங்க. வேணும்னே அதை உடைங்க, அப்கிரேடு பண்ணுங்க, திரும்பக் கட்டுங்க. அந்த அனுபவத்தை இன்டர்வியூல சொல்லலாம். வேலை கொடுக்கறவங்களும் அதை அனுபவமா மதிக்கணும்.

ஒற்றைக்கல்லா, பல கல்லா?

வீக்எண்ட்ல மாமல்லபுரம் போறவங்க பஞ்ச ரதத்தையும் கடற்கரைக் கோயிலையும் பார்த்திருப்பீங்க. ரதங்கள் இருந்த இடத்துப் பாறையையே மேலேர்ந்து கீழே குடைஞ்சு எடுத்தது. கடற்கரைக் கோயில் கல்லை வெட்டி, அடுக்கிக் கட்டினது. மென்பொருள்ல மோனோலித்னு சொல்றோமே, அந்த வார்த்தைக்கு அர்த்தமே ஒற்றைக்கல்தான்.

நம்ம துறைல ஒரு பத்து வருஷமா மோனோலித்னா ஏதோ கெட்ட வார்த்தை. எல்லாத்தையும் மைக்ரோசர்வீஸா உடைக்கணும்னு பேச்சு. அமேசான் ப்ரைம் வீடியோல ஒரு டீம், வீடியோ தரத்தைச் சோதிக்கிற அமைப்பைத் துண்டு துண்டா, சர்வர்லெஸ்ஸா கட்டியிருந்தாங்க. அதையெல்லாம் ஒரே அப்ளிகேஷனா சேர்த்தப்போ, அந்த அமைப்போட செலவு 90 சதவீதம் குறைஞ்சதுன்னு 2023-ல அவங்களே எழுதினாங்க. துண்டுகளை ஒருங்கிணைச்சு ஓட்டறதுக்கும், துண்டுக்குத் துண்டு டேட்டாவைத் தூக்கிட்டுப் போறதுக்கும்தான் அவ்வளவு செலவாகியிருக்கு.

ஆறு பேர் சேர்ந்து பதினாலு சர்வீஸ் எழுதினா, ஒவ்வொண்ணுக்கும் தனி பில்டு, தனி லாக், தனி அலர்ட். ஆளைவிட சர்வீஸ் அதிகமா இருந்தா ஒரு தடவை நின்னு யோசிங்க. உடைக்கிறதை எப்போ வேணா பண்ணலாம், தேவை வர்றப்போ ஒவ்வொரு துண்டா.

வெளியே வர்ற வழி

அடுத்த கேள்வி: இந்த டூலை விட்டு வெளியே வரணும்னா எத்தனை நாள் ஆகும்?

டெராஃபார்ம் 2014-லேர்ந்து ஓப்பன் சோர்ஸ். சர்வர் அமைப்பைக் கோடா எழுதறதுக்கு உலகமே யூஸ் பண்ணினது. 2023 ஆகஸ்ட்ல அதை உருவாக்கின ஹாஷிகார்ப் லைசன்ஸை மாத்திட்டாங்க. சாதாரணமா யூஸ் பண்றவங்களுக்குப் பெரிய பாதிப்பில்லை. ஹாஷிகார்ப்புக்குப் போட்டியா அதை வெச்சு ப்ராடக்ட் விக்கறவங்களுக்குத்தான் தடை. ஆனாலும் நிறைய பேர் பயந்தாங்க. அடுத்த மாசமே பழைய கோடை எடுத்து ஓப்பன்டோஃபுன்னு தனியா பிரிச்சு, லினக்ஸ் ஃபவுண்டேஷன்கிட்ட கொடுத்தாங்க. ஹாஷிகார்ப்பை அப்புறம் ஐ.பி.எம். வாங்கிடுச்சு.

இதுல கவனிக்க வேண்டியது, கோடு ஓப்பனா இருந்ததால ஒரு கதவு திறந்திருந்தது. உங்க டூல் க்ளோஸ்டா இருந்தாக்கூடப் பரவாயில்லை. டேட்டாவைச் சாதாரண ஃபார்மேட்ல வெளியே எடுக்க முடியுதான்னு பணம் கட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

செலவும் இதுலதான் வரும். கிளவுட் கம்பெனிகள் ஸ்டார்ட்அப்புக்கு இலவச கிரெடிட் கொடுப்பாங்க. அது தீர்ற மாசம்தான் நிஜமான பில் தெரியும், அதுக்குள்ள வெளியே வர முடியாத அளவுக்கு உள்ளே போயிருப்போம். தேர்ட்டிசெவன் சிக்னல்ஸ்னு பேஸ்கேம்ப் செஞ்ச அமெரிக்கக் கம்பெனி, 2022-ல கிளவுடுக்கு மட்டும் 32 லட்சம் டாலர் செலவு பண்ணினாங்க. அந்த வருஷ அக்டோபர்ல கிளவுடை விட்டுப் போறோம்னு அறிவிச்சு, சுமார் 7 லட்சம் டாலருக்கு சர்வர் வாங்கி மாறிட்டாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அவங்க லோடு எவ்வளவுன்னு அவங்களுக்குத் தெளிவா தெரியும், சர்வர் ஓட்டிப் பழகின டீம் ஏற்கெனவே இருந்தது. அது ரெண்டும் இல்லாதவங்க இதைப் பின்பத்தினா, மிச்சமான டாலர் வேற வழியில போயிடும்.

பேக்கப் இருக்கு, ஆனா...

2017 ஜனவரி 31. கிட்லேப்ல ராத்திரி வேலை பார்த்துக்கிட்டு இருந்த ஒரு என்ஜினியர், ரெப்ளிகா சர்வர்னு நினைச்சு மெயின் டேட்டாபேஸை அழிச்சிட்டார். சுமார் 300 ஜிபி. பேக்கப் எடுக்கலாம்னு போனா, அஞ்சு விதமான ஏற்பாடு இருந்தும் ஒண்ணும் சரியா கைகொடுக்கலை. தினசரி பேக்கப் வெர்ஷன் ஒத்துப்போகாம எப்பவோ நின்னுபோயிருக்கு. 'பேக்கப் நின்னுபோச்சு'ன்னு சொல்ற மெயிலும் போய்ச் சேரலை. ஆறு மணி நேரம் முன்னாடி தற்செயலா கையால எடுத்த ஒரு ஸ்னாப்ஷாட்தான் காப்பாத்தினது. அந்த ஆறு மணி நேர டேட்டா போனது போனதுதான். கிட்லேப் இதை மறைக்கலை. மீட்கிற வேலையை லைவா ஒளிபரப்பினாங்க.

அஞ்சு பேக்கப் டூல் இருந்த கம்பெனி அது. உங்களுக்கு ஒண்ணு போதும். ஆனா மாசம் ஒரு தடவை, அந்தப் பேக்கப்பை வெச்சு புது டேட்டாபேஸ் எழுப்பி, அப்ளிகேஷனை ஓட்டிப் பாருங்க. எவ்வளவு நேரம் ஆச்சுன்னு எழுதி வைங்க.

மழை, புயல், ஆபீஸ் நெட்வொர்க்

நம்ம ஊர்ல இன்னொரு விஷயத்தையும் கணக்குல எடுக்கணும். 2015 டிசம்பர் வெள்ளம். 2016 டிசம்பர் 12 வர்தா. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாமல்லபுரம் பக்கத்துலயே கரையைக் கடந்த மாண்டஸ். டிசம்பர் மாசம்னா தெற்குச் சென்னையும் செங்கல்பட்டும் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும்.

'எங்க சர்வர் மும்பைல இருக்கு, எங்களுக்கு என்ன?'ன்னு சொல்வாங்க. சர்வர் மும்பைலதான். ஆனா அதுக்குள்ள நுழையற வி.பி.என். பல சமயம் ஆபீஸ்ல இருக்கு. ஆபீஸோட ஐ.பி.லேர்ந்து மட்டும்தான் ப்ரொடக்ஷனுக்குள்ள போக முடியும்னு பாதுகாப்புக்காகப் பூட்டி வெச்சிருப்பாங்க. கரண்ட் போய், ஜெனரேட்டர் டீசலும் தீர்ந்தா, மும்பைல ஓடற சர்வரை யாராலயும் தொட முடியாது. 2021 அக்டோபர் 4 அன்னைக்கு ஃபேஸ்புக் விழுந்தப்போ அது திரும்ப எழ தாமதமானதுக்கும் இதே மாதிரி ஒரு காரணம் உண்டு. சரி பண்ற உள் டூல்களும் அதே நெட்வொர்க்கைத்தான் நம்பியிருந்தது.

அதனால உள்ளே போற வழி ரெண்டு இருக்கணும், ஒண்ணு ஆபீஸுக்கு வெளியே. ஆன்-கால் பட்டியல்ல ஒருத்தராவது மதுரையிலயோ கோயம்புத்தூர்லயோ இருந்தா இன்னும் நல்லது. வீட்டிலேர்ந்து வேலை கேட்கிறவங்களுக்கு இது ஒரு நல்ல வாதம், யூஸ் பண்ணிக்கோங்க.

சட்டத்தையும் மறக்காதீங்க. செர்ட்-இன் 2022 ஏப்ரல்ல போட்ட உத்தரவுப்படி லாகை 180 நாள் வெச்சிருக்கணும், பாதுகாப்புச் சம்பவம் தெரிஞ்ச 6 மணி நேரத்துக்குள்ள தகவல் சொல்லணும். இலவச பிளான்ல பதினாலு நாள் லாக் மட்டும் வெக்கிற ஒரு டூல் இதுக்குப் போதுமான்னு வாங்கறதுக்கு முன்னாடியே பார்த்துடுங்க.

ஒரு பக்கத் தாள்

கடைசியா, கையில எடுத்துட்டுப் போக ஒரு முறை. புதுசா எந்த டூல் எடுத்தாலும் ஒரே பக்கத்துல நாலு கேள்விக்குப் பதில் எழுதுங்க.

ஒண்ணு: இது விழுந்தா சரி பண்ணத் தெரிஞ்ச ரெண்டு பேர் யார்? பேரோட எழுதணும். ஒரு பேர்தான் இருக்குன்னா, இன்னொருத்தருக்குச் சொல்லிக்கொடுக்கிற வரைக்கும் எடுக்காதீங்க.

ரெண்டு: இது விழுந்தா கூடவே எதெல்லாம் நிக்கும்? நமக்கு முதல்ல சொல்றது யார், அலர்ட்டா, கஸ்டமரா?

மூணு: இதை விட்டு வெளியே வர எத்தனை நாள்?

நாலு: ஒரு வருஷம் கழிச்சு மாசச் செலவு எவ்வளவு? ரூபாய்லயும் எழுதுங்க, மனுஷ மணி நேரத்துலயும் எழுதுங்க.

இந்த நாலையும் வெச்சுப் பார்த்தா அந்த ஆறு பேர் டீமுக்கு நான் சொல்றது இதுதான்: ஒரே அப்ளிகேஷன், ரெண்டு சர்வர், கிளவுட் கம்பெனியே பார்த்துக்கற போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், கோடு எங்க இருக்கோ அங்கேயே கிடைக்கிற சி.ஐ., ஒரு மானிட்டரிங், வெளியிலேர்ந்து சைட் ஓடுதான்னு பார்க்கிற ஒரு செக், மாசாமாசம் பேக்கப் ஒத்திகை. மீட்டப்ல பெருமையா பேச இதுல ஒண்ணும் இல்லை. ஆனா ஆறு பேருக்கும் புரியும், யார் வேணா எழுந்து சரி பண்ணலாம். கஸ்டமர் இருநூறாகி, டீம் முப்பதாகட்டும். அன்னைக்கு இதே தாளை எடுத்துப் பதிலைத் திருத்துங்க. குபெர்னெட்டிஸ் அன்னைக்கும் இருக்கும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை பண்ணுங்க. உங்க கம்பெனி டொமைன் யார் பேர்ல இருக்கு, எப்போ காலாவதியாகுதுன்னு கண்டுபிடிங்க. பதில் கிடைக்க எத்தனை பேர்கிட்ட கேட்க வேண்டியிருந்ததுன்னு எங்களுக்கு எழுதுங்க, அடுத்த எபிசோடுல பேசலாம்.